உதாரணத்துக்கு ஒரு குடும்பம் – அத்தியாயம் 9: டீச்சர் மேரியின் அக்கா

கொடியில் காய்ந்த வெள்ளைச் சீருடையைத் தடவிப் பார்த்து, "எம் பொண்ணு எவ்வளவு சுத்தம் பாரு, ஒரு வாரம் உடுத்தினாலும் ஒரு கறை கிடையாது" என்று ரோவேனா பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்ட இடத்தில் போன வாரம் நின்றோம். கறை ஏன் இல்லை என்று உங்களில் பாதிப்பேருக்கு அப்போதே மூக்கில் வியர்த்திருக்கும். ரோவேனாவுக்குத் தெரிய வெள்ளிக்கிழமை மதியம் ஆனது. அதுவும் ஒரு கொரியாக்காரர் வாயிலிருந்து.

பிலிப்பைன்ஸ் மலைநகரமான பாகியோவில் கொரியாக்காரர்கள் நடத்தும் ஆங்கிலப் பயிற்சிக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. தளம் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட அறைகள். அறை என்பது ஒரு மரியாதைக்கு. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு டீச்சர், ஒரு மாணவர். அதற்கு மேல் ஒரு குடைக்குக்கூட இடம் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை மணி அடிக்க அடிக்க மாணவர் மாறுவார், டீச்சர் மாறமாட்டாள்.

கதவில் எல்லோருக்கும் ஓர் ஆங்கிலப் பெயர். ரோவேனா இங்கே டீச்சர் ரோஸ். அதே வரிசையின் கடைசி அறையில் அவள் தங்கை ஜோவிதா, டீச்சர் மேரி. இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்று மாணவர்கள் யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

இந்த வேலையில் முதலில் தீர்ந்துபோவது தொண்டை இல்லை, உதாரணம். புத்தகத்தில் இருக்கும் ஜானும் பீட்டரும் காலைக் காபிக்குள் செத்துப்போவார்கள். அப்புறம் டீச்சர்கள் வீட்டுக்குள் கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மாமியார் பேசியது, கூரை ஒழுகியது, புருஷன் குடித்தது, நாய் கடித்தது. கேட்பவர்கள் நாலு மாதத்தில் விமானம் ஏறிவிடுகிறவர்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம் எல்லா அறையிலும் உண்டு.

அன்று மதியம் எதிரே உட்கார்ந்திருந்தவர் திரு. ஹியோன். கப்பல் எஞ்சின் அறையில் முப்பது வருடம் வெந்தவர். ஆஸ்திரேலியாக்கார மருமகனோடு பேசுவதற்காக இந்த வயதில் ஆங்கிலம் படிக்க வந்திருந்தார். நல்ல மனிதர். இரண்டாம் வகுப்புப் பையன் மாதிரி பென்சிலைச் சீவி வரிசையாக வைத்துக்கொள்வார்.

பாடம், இரட்டைக் குதிரை ஓட்டும் வினைச்சொற்கள். ஆங்கிலத்தில் சில வினைகளுக்குப் பின்னால் 'இங்' வால் வைத்த சொல்லும் வரும், 'டூ' வைத்த சொல்லும் வரும். 'லைக்', 'ஸ்டார்ட்' எல்லாம் சாது. எதை வைத்தாலும் பொருள் பெரிதாக மாறாது. 'ஸ்டாப்', 'ஃபர்கெட்', 'ரிமெம்பர்', 'ரிக்ரெட்' நாலும் பொல்லாதவை. 'ஸ்டாப் ஸ்மோக்கிங்' என்றால் சிகரெட்டை விட்டுவிட்டாய். 'ஸ்டாப் டு ஸ்மோக்' என்றால் சிகரெட் பிடிக்கவே வண்டியை ஓரங்கட்டினாய்.

ரோவேனா பலகையில் எழுதத் தொடங்கும் முன்பே ஹியோன் கை தூக்கினார்.

"டீச்சர் ரோஸ், இது எனக்குத் தெரியும். டீச்சர் மேரி கற்பித்தார். நான் உதாரணம் சொல்லலாமா?"

"சொல்லுங்கள்."

"டீச்சர் மேரியின் அக்காவுக்கு ஒரு மகள். மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள்."

"மிகச் சரி" என்றாள் ரோவேனா. வாய்தான் சொன்னது. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் வாய் தானாகப் பாராட்டும்.

ஹியோனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அது செவிலியர் கல்லூரி. காலையில் வெள்ளை உடை அணிகிறாள். பிறகு மண்டிக்குப் போகிறாள். கோஸ் மூட்டை தூக்குகிறாள். அக்காவுக்குத் தெரியாது. அக்கா ஒரு புலி." இரண்டு கைகளையும் நகம் மாதிரி வளைத்துக் காட்டிச் சிரித்தார். "அதனால் எல்லோரும் அவரிடம் சொல்ல மறந்தார்கள். சரியா?"

ரோவேனா பேனாவின் மூடியைப் போட்டாள். கழற்றினாள். மறுபடி போட்டாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அந்த அக்கா மகளிடம் கேட்க மறந்தாரா? அல்லது கேட்டதை மறந்தாரா? எது பொருந்தும்?"

அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பென்சில் தயாராக இருந்தது. பலகையில் எழுதப் போவதுபோல் எழுந்த ரோவேனா, மணி அடித்ததும் நேரே வெளியே போனாள்.

நடைபாதையில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். அது இந்தக் கூடத்தின் சட்டம். ஊர்ப் பேச்சான இலோகானோவோ தகாலோகோ வாயில் வந்தால், மூலையில் நிற்கும் கண்காணிப்பாளன் மஞ்சள் சீட்டுக் கிழிப்பான். மாணவனுக்கும் சீட்டு, டீச்சருக்கும் சீட்டு. டீச்சர் சேர்க்கும் சீட்டுகள் வருடக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மேசைமேல் வந்து உட்காரும். ஆகவே, அக்காவும் தங்கையும் தண்ணீர்க் குழாய் அருகே சண்டையை ஆங்கிலத்தில் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

"டீச்சர் மேரி, தங்களுடன் ஒரு நிமிடம் பேசலாமா?"

"தாராளமாக, டீச்சர் ரோஸ். எதைக் குறித்து?"

"தங்களுடைய அக்காவின் மகளைக் குறித்து. அவர் நலமா?"

ஜோவிதா கையிலிருந்த குவளை நிரம்பி வழிந்தது. குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"நலம் என்றே நம்புகிறேன்."

"கோஸ் தூக்குவது அவருக்குப் பிடித்திருக்கிறதா?"

"டீச்சர் ரோஸ், தயவுசெய்து... அது ஓர் உதாரணம் மட்டுமே."

"அந்த உதாரணத்தை எத்தனை பேருக்கு வழங்கினீர்கள்?"

ஜோவிதா கண்காணிப்பாளனைப் பார்த்தாள். அவன் சீட்டுக் கட்டோடு இரண்டடி நெருங்கியிருந்தான். "என் அட்டவணையில் உள்ள அனைவருக்கும்" என்றாள், காற்றாகிப்போன குரலில்.

அதோடு ஆங்கிலம் தீர்ந்தது.

"அடி நாசமாப்போறவளே! பெத்தவ நான் இங்க தொண்டைத் தண்ணி வத்தக் கத்திக்கிட்டு இருக்கேன். எம் பொண்ணு மூட்டை தூக்கறது கப்பல்காரனுக்குத் தெரியுது, அவன் மருமவனுக்குக்கூட நாளைக்குத் தெரியும். எனக்குத் தெரியலையேடி!"

"டீச்சர் ரோஸ்" என்றான் கண்காணிப்பாளன். "ஆங்கிலம், தயவுசெய்து." சீட்டு கிழிந்தது.

"போடு. ரெண்டாப் போடு. இன்னும் பேசப்போறேன்."

"மனாங், மெதுவா..." அக்காவை வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு, ஜோவிதா அவள் முழங்கையைப் பிடித்தாள். "சொல்லக்கூடாதுன்னு கிளாரிஸ் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. யார்கிட்டயாவது கொட்டலேன்னா நெஞ்சு வெடிச்சிருக்கும். ஊருக்குப் போற ஆளுங்கதானேன்னு... வெறும் உதாரணம்தானே மனாங்!"

"அக்கா புலியாமே? அதுவும் உதாரணமா?"

ஜோவிதா தலை குனிந்தாள். "அது... அவங்க சுலபமாப் புரிஞ்சுக்கறதுக்கு."

"நான் கட்டச்சொல்லிக் குடுத்த கட்டணம்?"

"என் அலமாரியில அப்படியே இருக்கு. அவ கட்டல. இந்தப் பருவத்துக்குப் பேரு பதியறதுக்கு நாளைக்கு மத்தியானம்தான் கடைசி. நானும் தினம் சொல்லிப் பார்த்தேன். அவ கேக்கல."

நாளை மதியம். அது போனால் ஒரு வருடம் போச்சு. ஒரு வருடம் மூட்டை தூக்கியவள் திரும்ப வெள்ளைச் சீருடைக்குள் போவாளா? மண்டிக்குப் போய் அப்படித் திரும்பியவர்களை ரோவேனா பார்த்ததில்லை.

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. அவள் அறையில் ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து உட்கார்ந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். ரோவேனா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கண்காணிப்பாளன் பின்னால் ஏதோ கூப்பிட்டான். என்ன மொழியில் கூப்பிட்டான் என்றுகூட அவள் காதில் விழவில்லை.

மண்டி இருக்கும் லா திரினிதாத்துக்குப் போகும் ஜீப்னி வண்டியில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அதுகூட எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு மூட்டை புதிதில்லை. மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து நெற்றியில் பட்டை கட்டிக் காரட் கூடை இறக்கியவள். பத்து வயதில் பட்டை அழுத்திய இடத்தில் முடி இன்னும் சரியாக வளரவில்லை. அதை மறைக்கத்தான் டீச்சர் ரோஸ் நெற்றியில் முடி வெட்டிவிட்டிருக்கிறாள். அந்தக் கூடையிலிருந்து தப்பிக்க ஒரே கதவு ஆங்கிலம் என்று தெரிந்து, விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி குடித்து ஏறிவந்தவள். ஏறிவந்தது எதற்கு? அவள் பெற்றது மறுபடி இறங்கிப் போவதற்கா?

மண்டியில் லாரிகள் பின்பக்கமாக நின்றிருந்தன. மழைச் சேறு, மிதிபட்ட கோஸ் இலை, டீசல் புகை. சத்தம் காதைப் பிய்த்தது.

முதலில் கண்ணில் பட்டது சீருடை. டீக்கடை மரத்தூணில், ஆணியில், பிளாஸ்டிக் பையில் மடித்துத் தொங்கியது. இந்த ஆணியில் நாளெல்லாம் சும்மா தொங்கியதைத்தான் அவள் கைவலிக்கச் சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறாள். நீலம் போட்டிருக்கிறாள். தேய்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் பீற்றியிருக்கிறாள்.

சீருடைக்குக் கீழே, கவிழ்த்த கூடைமேல், இந்த மண்டியிலேயே மூட்டை தூக்கும் அவள் புருஷன் காஸ்பார் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவளைப் பார்த்ததும் ஊசியைச் சாக்கிலேயே செருகினான். எழுந்திருக்கவில்லை.

"காலையில வேலைக்குப் போறேன்னு போன மனுஷன் இங்க தையல்கடை வெச்சிருக்கானா?"

"உக்காரு வேனா."

"உக்காரத்தான் வந்தேனா? எங்க அவ?"

கேட்க வேண்டியிருக்கவில்லை. லாரி மறைவிலிருந்து கிளாரிஸ் வந்தாள். ரப்பர் பூட்ஸ், தலையில் துணி, தோளில் சௌசௌ மூட்டை. உடம்பில் அப்பாவின் ஆரஞ்சு மேல்சட்டை. முதுகில் நாற்பத்திரண்டு என்று எண். அம்மாவைப் பார்த்தாள். மூட்டையைப் போட்டுவிடவில்லை. லாரிவரை நடந்து, இறக்கி, முதுகை நிமிர்த்திவிட்டுத்தான் திரும்பி வந்தாள். அந்த நிதானத்தைப் பார்த்து ரோவேனாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டது. ஒருநாள் இரண்டுநாளில் வருகிற நிதானம் இல்லை அது.

"சித்தி சொல்லிட்டாங்களா?"

"உங்க சித்தி சொல்லலடி. கொரியாக்காரன் சொன்னான். வாக்கியத்துல வெச்சுச் சொன்னான். மிகச் சரின்னு நான் வேற பாராட்டினேன்!"

"அம்மா, கத்தாதே. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! ஊர்பூரா தெரிஞ்சதுதானே? எனக்கு மட்டும்தானே மூடி வெச்சீங்க? ஏன்டி, யார் உன்னை இதைச் சுமக்கச் சொன்னது?"

கிளாரிஸ் அப்பாவைப் பார்த்தாள். காஸ்பார் சட்டையை லேசாகத் தூக்கினான். அடிவயிற்றில் அகலமாக ஒரு பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

"குடல் இறங்கிருச்சு" என்றான். "தூக்கக்கூடாதுன்னுட்டாங்க. அறுத்துத் தைக்கற வரைக்கும்."

"எப்போ?"

"மழை ஆரம்பிச்சப்போ."

அந்த மண்டியில் எண் போட்ட மேல்சட்டைதான் வேலை. வீட்டு ஆள் யார் போட்டாலும் கேள்வி இல்லை. ஆனால், கங்காணி எண்ணைக் கூப்பிடும்போது லாரி முன்னால் அது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மறுநாள் வேறொருவன் முதுகில் இருக்கும்.

"சட்டை போயிட்டா அப்பாவுக்குத் திரும்பக் கிடைக்காது" என்றாள் கிளாரிஸ். "இவர் வயசுக்கு வேற எவன் வேலை குடுப்பான்? படிப்பு எங்கயும் போயிடாது."

"போயிடும்! நாளைக்கு மத்தியானத்தோட போயிடும். உனக்கு என்னடி தெரியும்? சட்டையை இவர் ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும்னு போட்டே. அப்புறம் இவர் தேர்ற வரைக்கும்பே. அப்புறம் அதுவே உன் தோலாயிடும்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ அப்பனா? பெத்த பொண்ணு முதுகுல மூட்டையை ஏத்திட்டு இங்க உக்காந்து சாக்குத் தைக்கறியே, வெக்கமா இல்ல? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வானம் இடிஞ்சு விழுந்திருக்குமா? நான் உன் பொண்டாட்டிதானே? ரோட்டுல போறவளா?"

காஸ்பார் சாக்கைக் கீழே வைத்தான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு மூச்சு பேச்சுக்கு மிஞ்சாது.

"போன வருஷம் ஸ்ட்ராபெரி தோட்டத்துல ஒரு கொரியாக்காரப் பொம்பளை வந்துச்சு" என்றான். "பழம் பறிக்க. நான் கூடை தூக்கிக் குடுத்தேன். உன் போன்ல என் படத்தைப் பார்த்திருக்கு போல. நீங்க டீச்சர் ரோஸ் வீட்டுக்காரர்தானேன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். ரொம்ப சந்தோஷம் அதுக்கு. படிச்சதை ஒப்பிக்கற மாதிரி அழகா ஒரு வாக்கியம் சொல்லுச்சு."

ரோவேனாவின் கை, நெற்றி முடியை ஒதுக்கப் போனது பாதியில் நின்றது.

"டீச்சர் ரோஸ் பத்தொன்பது வயசுல கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கு வருத்தப்படறாங்க. அதான் வாக்கியம். எனக்கும் இங்கிலீஷ் புரியும் வேனா. உன் அளவுக்கு இல்ல, ஆனா புரியும்."

"அது..." என்றாள் ரோவேனா.

"வருஷா வருஷம் எல்லாருக்கும் அதையேதான் சொல்லித்தர்றியாம். மறக்கவே மறக்காதாம். நல்ல வாக்கியமாம்."

அது வெறும் உதாரணம்தானே. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் அருகே தங்கை சொன்ன அதே வார்த்தை, அதே கெஞ்சலோடு. ரோவேனா அதை விழுங்கினாள்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றான் காஸ்பார். "குடல் இறங்கினப்போதான் யோசிச்சேன். உன்கிட்ட சொன்னா, அடுத்த வாரம் அதுவும் ஒரு வாக்கியமாயிடும். ஒண்ணு போதும்னு இருந்துட்டேன்."

கிளாரிஸ் பூட்ஸ் முனையால் ஒரு கோஸ் இலையைச் சேற்றில் அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால், அது போய் விழ வேண்டிய இடம் கலைந்துவிட்டது. தங்கைமேல் எறியலாம், புருஷன்மேல் எறியலாம். பன்னிரண்டு வருடம் வீட்டைப் பிய்த்துப் பிய்த்துக் கண்ணாடி அறையில் விற்றவளை எந்தக் கல்லால் அடிப்பது?

"நாப்பத்திரெண்டு!" கங்காணி லாரி பக்கமிருந்து கூவினான். "நாப்பத்திரெண்டு, செத்துப்போச்சா?"

கிளாரிஸ் நகர்ந்தாள். ரோவேனா அவள் முதுகுத் துணியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"கழட்டு."

"அம்மா—"

"கழட்டுடி. ஆணியில தொங்குதே, அதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. சித்திகிட்ட பணத்தை வாங்கு. நாளைக்குக் கதவு திறக்கும்போது நீ அந்தக் காலேஜ் வாசல்ல நிக்கற."

"அப்போ இந்தச் சட்டையை யார் போடறது?"

"நாளைக்குச் சனிக்கிழமை. எனக்கு வகுப்பு இல்ல."

"அப்புறம்? திங்கக்கிழமை?" கிளாரிஸின் கண் சிவந்திருந்தது. "உனக்கு வராதும்மா. முதுகு போயிடும்."

"வராதா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு வரும். திங்கக்கிழமையை நான் பார்த்துக்கறேன். கழட்டு."

ஆரஞ்சுச் சட்டையில் மகளின் வியர்வை ஈரமாக இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளை ரவிக்கைமேல் அதை மாட்டிக்கொண்டாள். குதிகால் செருப்பைக் கழற்றி டீக்கடைப் பலகைக்குக் கீழே தள்ளினாள். கைப்பையைக் காஸ்பார் மடியில் போட்டாள்.

"நீ சொன்னதுக்குப் பதில் இருக்கு" என்றாள். "இங்க நின்னு சொல்லமாட்டேன். வீட்டுல சொல்றேன். நீ மட்டும் கேளு."

காஸ்பார் கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டான். மனைவி வெறுங்காலோடு சேற்றில் நடந்து போவதைப் பார்த்தான். கங்காணி, "யாரும்மா இது, புது ஆளா?" என்று கேட்பதும், அவள் ஏதோ நறுக்கென்று சொல்ல, சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரிப்பதும் கேட்டது. அவள் முழங்காலை மடக்கிக் குனிந்து மூட்டைக்குத் தோள் கொடுத்த விதம், அவன் இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு மலைச்சரிவில் பார்த்த அதே விதம்.

மடியில் கைப்பைக்குள் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கிளாரிஸ் எட்டிப் பார்த்து, "அம்மாவோட மேனேஜர்ப்பா. எடுக்காதே" என்றாள்.

காஸ்பார் எடுத்தான். தொண்டையைச் செருமினான். அவனுக்குத் தெரிந்த மிகச் சுத்தமான ஆங்கிலத்தில் பேசினான்.

"வணக்கம். டீச்சர் ரோஸ் தற்போது வேலையில் இருக்கிறார். ஆம், வேறு வேலையில். நான் யாரா? நான் அவருடைய கணவன். உங்கள் மாணவர்கள் அனைவரும் என்னை நன்கு அறிவார்கள்."

மறுமுனையில் ஒரு குரல் மஞ்சள் சீட்டு, பாதியில் விட்ட வகுப்பு, ஒப்பந்தம் என்று நீளமாகப் பேசியது. கேட்கக் கேட்க, இத்தனை நேரம் கூடையைவிட்டு எழாத காஸ்பார், ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றான்.